பெஞ்சுக்குப் பின்னால் இருந்த கரி

அக்கா, இது நிஜமாக நடந்தது. நீ சிரிப்பாய் என்று தெரியும். பத்து வயது வரைக்கும் இருட்டில் தண்ணீர் குடிக்கப் போக உன்னை எழுப்பியவன் நான். கொடியில் தொங்கிய அப்பாவின் சட்டையைப் பார்த்து அலறியவன். எல்லாம் சரி. ஆனால் இது ராத்திரி நடந்ததும் இல்லை, கனவும் இல்லை. மூடுபனி இறங்கியிருந்தது, அவ்வளவுதான். வெளிச்சம் இருந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை. வயிறும் காலியாக இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டு. அம்மாவுக்கு மட்டும், மரம் விழும் இடத்தைத் தாண்டி வாசி.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. "மரம் வெட்டுறதுக்கா அவ்வளவு தூரம் போனான்?" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்படுகிறாளாம். நான் வெட்டுகிறவன் இல்லை. வெட்டணுமா வேண்டாமா என்று சொல்கிறவன். எந்த மரத்தில் என்ன பூஞ்சை, எந்தப் பட்டைக்குள் என்ன வண்டு, எந்தக் கிளை அடுத்த காற்றுக்குத் தாங்காது, இதையெல்லாம் பார்ப்பது என் வேலை. சிவப்புப் புள்ளி வைத்தால் மரம் போய்விடும். வெள்ளைப் புள்ளி வைத்தால் கண்காணிப்பில் இருக்கும். புள்ளியே இல்லையென்றால் மரம் பிழைத்தது. என்னை மாதிரி பயந்தாங்கொள்ளியிடம் இந்தப் பெயின்ட் டப்பாவைக் கொடுத்திருக்கக் கூடாது. புள்ளி வைத்தாலும் தூக்கம் வராது, வைக்காவிட்டாலும் வராது.

வேலையில் சேர்ந்த அன்று எங்கள் சார் ஒரு மரச்சுத்தியலைக் கையில் கொடுத்தார்.

"உனக்கு முன்னாடி இருந்த அம்மாவோடது. தொலைச்சிடாத."

அடிமரத்தை அதனால் தட்டிக்கொண்டே சுற்றி வருவோம். கட்டை நன்றாக இருந்தால் 'டக்' என்று இறுக்கமாகக் கேட்கும். உள்ளே பொந்து விழுந்திருந்தால் 'தொம்' என்று வயிறு உப்பின மாதிரி கேட்கும். அந்தச் சுத்தியலின் கைப்பிடியில் பச்சை டேப் சுற்றியிருந்தது. வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்து டேப்புக்கு மேலேயே விரல்கள் பதிந்து குழிந்திருந்தன. என் விரல்கள் எல்லாம் அந்தக் குழிகளில் சரியாக உட்காரும்... மோதிர விரல் மட்டும் உட்காராது. அந்த இடத்தில் குழியே இல்லை. யாருடைய செருப்பையோ போட்டு நடக்கிற மாதிரி இருக்கும்.

இது நடந்த அன்றைக்கு என்னை அனுப்பியது ஒரு மழலையர் பள்ளிக்கு. சின்ன முற்றம். ஊஞ்சல், மணல் தொட்டி, சுவரோரம் வரிசையாகச் சின்ன மரங்கள். நடுவில் ஒரு பெரிய மேப்பிள் மரம். மூன்று குழந்தைகள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். அதன் கீழே ஒரு பழைய பெஞ்சு.

வாயிற்காவலர்தான் கேட்டைத் திறந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. நடந்தால் சலங்கை கட்டின மாதிரி சத்தம். குழந்தைகள் அவரைச் சாவி மாமா என்று கூப்பிட்டன.

"வாங்க தம்பி. மரம் பாக்க வந்தீங்களா?"

அக்கா, ஊரை விட்டு வந்த பிறகு என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். நம் பாஷை. எங்கள் ஆபீஸில் அதைப் பேச ஒரு ஆள் கிடையாது. அந்த ஒரு வார்த்தையில் பாதி உருகிப் போனேன். அதைச் சொல்லியே ஆகணும். ஏனென்றால் அதற்குப் பிறகு நான் அந்த மரத்தைப் பார்த்த கண் வேறு.

சுவரோரத்தில் ஒரு மரத்துக்குச் சிவப்பு வைத்தேன். தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் ஒட்டியிருந்தது. இன்னொன்றின் பட்டையில் பொடிப்பொடியாக ஓட்டைகள், அடியில் மரத்தூள். வண்டு குடைந்திருந்தது. அதற்கும் சிவப்பு. சாவி மாமா என் பின்னாலேயே வந்தார். அந்த மரங்களைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மேப்பிள் பக்கம் திரும்பியதும் சாவிச் சத்தம் நின்றுவிட்டது.

"இது நல்ல மரம் தம்பி."

"பாக்குறேன் மாமா."

"விவரம் தெரிஞ்சவ ஒருத்தி சொல்லியிருக்கா. நமக்கு அப்புறமும் இது நிக்கும்னு."

"யாரு?"

"வீட்டுல."

நான் சிரித்துக்கொண்டேன். எல்லார் வீட்டிலும் ஒரு மர டாக்டர் இருக்கிறார் என்று நினைத்தேன்.

உண்மையிலேயே நல்ல மரமாகத்தான் தெரிந்தது. உச்சி வரை பச்சை. காய்ந்த நுனி ஒன்றுகூட இல்லை. கிளை பிரிகிற கவட்டையில் விரிசல் இல்லை. சுத்தியலால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். டக்... டக்... டக். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. பெஞ்சுக்குப் பின்னால், இரண்டு வேர்களுக்கு நடுவே, தரையை ஒட்டி ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. பொருக்குத் தட்டின கரி மாதிரி. குனிந்து கட்டைவிரலால் தேய்த்தேன். விரலில் ஒட்டியது.

"அது ஒண்ணுமில்ல. முன்னாடி இங்க சருகைக் கூட்டி எரிப்பாங்க. அந்தக் கரி," என்றார் சாவி மாமா. "அவளும் பாத்துட்டு அதான் சொன்னா."

பையில் நீளமான இரும்பு ஊசி இருந்தது. சந்தேகம் வந்தால் குத்திப் பார்க்க வேண்டும். எடுக்கவும் போனேன். அவர் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஊசியை விட்டுவிட்டேன்.

"நல்லா இருக்கு மாமா. புள்ளி கிடையாது."

அவர் மரத்தைத்தான் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து, இரண்டு கப்பில் டீ ஊற்றினார். எனக்குத்தான் என்று ஒன்றுக்குக் கை நீட்டினேன். அவர் மெல்ல அதை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும் தம்பி."

எனக்குப் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அசடு வழிந்துகொண்டே குடித்தேன். கிளம்பும்போது அந்த இன்னொரு கப் டீயை மரத்தின் வேரில் ஊற்றிவிட்டு எழுந்தார். தினமும் அப்படித்தான் போலிருந்தது. மண்ணில் அந்த இடம் மட்டும் நிறம் மாறியிருந்தது.

மூன்று மணிக்குக் குழந்தைகளைப் பெற்றோர் வந்து கூட்டிப் போனார்கள். டீச்சர்களும் போய்விட்டார்கள். சாவி மாமா கேட்டைப் பூட்டிவிட்டு, அறை அறையாக ஜன்னல் சாத்த உள்ளே போனார். அப்போதுதான் மூடுபனி இறங்கியது. ஊஞ்சல் மறைந்தது. பிறகு சுவர் மறைந்தது. நான் சுத்தியலைப் பைக்குள் வைத்துக் கட்டி, மரத்தடியிலேயே நின்று அவருக்காகக் காத்திருந்தேன்.

டக்... டக்.

மரத்துக்கு அந்தப் பக்கம்.

சாவி மாமாதான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் சாவிக்கொத்துச் சத்தம் கட்டடத்துக்குள்ளிருந்து கேட்டது. தூரத்தில். தெளிவாக.

டக்... டக்.

மரத்தைச் சுற்றிப் போனேன். யாரும் இல்லை. இப்போது சத்தம் நான் நின்றிருந்த பக்கத்திலிருந்து வந்தது. திரும்பிச் சுற்றினேன். அங்கேயும் இல்லை. மறுபடியும் அந்தப் பக்கம். மரங்கொத்தியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மரங்கொத்தி இவ்வளவு நிதானமாகக் கொத்தாது. இது தட்டிவிட்டுக் காது வைத்துக் கேட்கிறவர்களின் தட்டு. என் தட்டு மாதிரி.

சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. என் நெஞ்சு உயரம். இடுப்பு. முழங்கால்...

தரை.

பெஞ்சுக்குப் பின்னால் ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். முதுகை எனக்குக் காட்டி. என்னுடையது மாதிரியே மஞ்சள் ஜாக்கெட். எனக்குப் பயம் போய் எரிச்சல் வந்தது. சாருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை, மறுபடி பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"மேடம், நான் பாத்து முடிச்சிட்டேன். நல்லா இருக்கு," என்று ஆபீஸ் பாஷையில் சொன்னேன்.

அவள் திரும்பவில்லை.

"தட்டிக் கேட்டா நல்லாத்தான் இருக்கும்."

மெல்லிய குரல். களைத்த குரல்.

"நானும் கேட்டேன்."

அவள் நம் பாஷையில் பேசினாள் என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கையை மட்டும் பின்னால் நீட்டிக் காட்டினாள். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்தாள். திரும்பத் திரும்ப. எதையோ உதிர்க்கிற மாதிரி. விரலெல்லாம் கறுப்பு.

"இது நெருப்பு இல்ல... குத்திப் பாரு."

நான் குனிந்து பையிலிருந்து ஊசியை எடுத்தேன். நிமிர்ந்தேன்.

பெஞ்சு இருந்தது. பனி இருந்தது.

அவள் இல்லை.

என் கால்கள் ஓடச் சொல்லின. கை கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஊசியைக் கரித் திட்டில் வைத்து அழுத்தியது. நல்ல மரத்தில் அந்த ஊசி நகத்தளவுகூட இறங்காது.

பிடி வரைக்கும் போனது.

பிஸ்கட்டில் குத்துகிற மாதிரி. வேறொரு இடத்தில் குத்தினேன். மூன்றாவது இடத்திலும் குத்தினேன். அத்தனை பெரிய மரம் எதன் மேல் நிற்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

சாவிச் சத்தம் நெருங்கி வந்தது. சாவி மாமா வேலை முடித்து, வழக்கம்போல வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மாமா, எந்திரிங்க."

"ஏன் தம்பி?"

"மரம் கெட்டுப் போயிருக்கு. அடியில ஒண்ணுமே இல்ல. முதல்ல எந்திரிங்க."

"நல்லா இருக்குன்னு இப்பதானே சொன்னீங்க."

"தப்பா சொல்லிட்டேன்."

அவர் பெஞ்சின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவ சொன்னதும் தப்பா? இருபது வருஷம் மரம் பாத்தவ. நீங்க நேத்து வந்தவரு."

"மாமா, எனக்கு அவங்களத் தெரியாது. இப்ப ஒரு அக்கா வந்தாங்களே, அவங்கதான் காட்டினாங்க. 'நானும் கேட்டேன்'னு சொன்னாங்க. விரலத் தேய்ச்சுத் தேய்ச்சுக் காட்டினாங்க..."

அவர் முகம் மாறியது.

"யாரும் வரல தம்பி. கேட்டு பூட்டியிருக்கு."

பனி சொட்டுகிற சத்தம். பிறகு...

டக் டக்.

கேட்டுப் பக்கம். இரும்பில்.

கொஞ்சம் விட்டு,

டக்.

சாவி மாமா எழுந்தார். அந்த வயதில் ஒருவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார். பனியில் அவர் முதுகு கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பின்னால் மரம்.

முதுகில் ஒரு கை பதிந்தது.

உள்ளங்கை. முழுசாக.

தள்ளியது.

முகங்குப்புற மணலில் போய் விழுந்தேன். பின்னால் பெரிய பானை ஒன்று உடைகிற மாதிரி ஒரே ஒரு சத்தம். தரை குலுங்கியது. மேலெல்லாம் இலை, சுள்ளி, மண்.

காற்றே இல்லை, அக்கா. ஒரு இலைகூட ஆடவில்லை. அந்த மரம் நின்ற இடத்தில் அப்படியே முறிந்து விழுந்தது. பெஞ்சைத் தேடினேன். பெஞ்சு என்று ஒன்று இல்லை.

கேட்டுக்கு ஓடினேன். சாவி மாமா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் தெருவைப் பார்த்து நின்றார். மரம் விழுந்த சத்தத்துக்குக்கூட அவர் திரும்பவில்லை. கேட்டுக்கு வெளியே, தரையில், பச்சை டேப் சுற்றிய மரச்சுத்தியல் கிடந்தது. நான் பைக்குள் வைத்துக் கட்டிய சுத்தியல். குனிந்து எடுத்தேன்.

கைப்பிடி சூடாக இருந்தது.

(அம்மா, இங்கிருந்து நீயும் கேட்கலாம்.)

நான் எப்படி அறைக்கு வந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று எதுவும் நினைவில்லை. அடுத்த நாள் முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அதற்கடுத்த நாள் சாரோடு பள்ளிக்குப் போனேன். முறிந்த அடிமரத்தை சார் உட்கார்ந்து பார்த்தார். பூஞ்சைதான். வேரடியில் கறுப்பாகப் பொருக்குக் கட்டும், பார்த்தால் தீ வைத்த இடம் மாதிரியே இருக்கும். இலை பச்சையாகவே இருக்கும். தட்டினால் சத்தமும் நன்றாகவே இருக்கும். அதில் ஏமாறாத ஆள் எங்கள் தொழிலில் குறைவு என்றார்.

"அந்தம்மாகூட ஏமாந்திருக்காங்களே. இந்த மரத்தைக் கடைசியா பாத்தது அவங்கதான்."

"எந்தம்மா சார்?"

"அதான், உன் சுத்தியலோட சொந்தக்காரி. இங்க வாசல்ல இருக்காரே, அவரோட வீட்டுக்காரம்மா. போன குளிர்காலத்துல இறந்துட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது சாவி மாமா கேட்டோரம் நாற்காலியில் இருந்தார். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டுக் கடந்து போனேன்.

"தம்பி. நில்லுங்க."

நின்றேன்.

"திரும்பாதீங்க. அப்படியே நில்லுங்க."

எழுந்து பக்கத்தில் வந்தார். அவர் மூச்சு என் பின்கழுத்தில் பட்டது. என் முதுகில் எதையோ பார்க்கிறார் என்று பட்டது. நான் ஜாக்கெட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன்.

முதுகின் நடுவில் ஒரு கை. கறுப்பாக. சின்னக் கை, பெண் கை. அதைப் போட்டுக்கொண்டுதான் காலையில் பஸ்ஸில் வந்திருந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

மோதிர விரல் பாதியில் நின்றிருந்தது.

"ரம்பம் வெட்டினது," என்றார் சாவி மாமா. "கல்யாணமான மறுவருஷம். மோதிரத்த மாத்தி நடுவிரல்ல போட்டுக்கிட்டா."

அந்த ஜாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகுதான் மீதியைச் சொன்னார். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளுக்குப் பேச்சு போய்விட்டதாம். கட்டில் கம்பியைத் தட்டுவாளாம். டக் டக்... டக். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கதவை அப்படித்தான் தட்டுவாள் என்பதால், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று இவரும் பதிலுக்குத் தட்டுவாராம்.

"தட்டினா அவ சந்தோஷப்படணும்ல? அழுவா. ஜன்னல் வழியா தெரியுற மரத்தக் காட்டுவா. விரலத் தேய்ப்பா. தேய்ச்சுத் தேய்ச்சு என்கிட்ட காட்டுவா. கடைசி நாள் வரைக்கும்."

அவர் ஜாக்கெட்டின் ஓரத்தை நீவிவிட்டார்.

"நான் என்ன நினைச்சேன்னா... கை அழுக்கா இருக்குன்னு சொல்றாளோன்னு நினைச்சேன். ஈரத்துணிய எடுத்து ஒவ்வொரு விரலா துடைச்சு விடுவேன். துடைக்கத் துடைக்க மறுபடி தேய்ப்பா. நான் மறுபடி துடைப்பேன். அப்புறம் எங்க சோறு திங்கப் போனேன்? அந்த மேப்பிள் மரத்தடிக்கு."

அவர் தன் கையை அந்தக் கறுப்புக் கையின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. மேலே படாமல், காற்றில் வைத்த மாதிரி.

"கோவமா இருந்தாளா தம்பி?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, அக்கா. அந்தக் குரல் மட்டும்தான்.

"இல்ல மாமா. களைப்பா இருந்தாங்க."

அவர் தலையை ஆட்டினார். குளிர் எலும்பைத் தொட்டது. ஜாக்கெட் இல்லாமல் நின்றேன். கேட்கவும் மனசு வரவில்லை.

"இத நீங்க என்கிட்டயே விட்டுட்டுப் போங்க," என்றார். "துவைச்சிட மாட்டேன். போன தடவ எல்லாத்தையும் நான்தான் துடைச்சுட்டேன்."